கோய் குளமும் வடசென்னைத் தண்ணீரும்

கோய் மீன் வளர்க்கிறேன் என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்ப வேண்டும். உண்மையில் அவர் வளர்ப்பது தண்ணீரை. அது ஒழுங்காக இருந்தால் மீன் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

கோய் என்பது வேறொன்றுமில்லை, கெண்டை வகைதான். ஜப்பானில் நீகாட்டா மலைப்பகுதி விவசாயிகள் சாப்பாட்டுக்கு வளர்த்த மீனில் நிறம் மாறிப் பிறந்தவற்றைப் பிரித்து வளர்த்து இன்றைய அழகுக்குக் கொண்டுவந்தார்கள். 1914ல் டோக்கியோவில் நடந்த கண்காட்சிக்குப் பிறகுதான் வெளியுலகம் அதைக் கவனித்தது. அது குளிர்ந்த மலை நீரில் வளர்ந்த மீன். நம்ம ஊரோ திருவொற்றியூர், ராயபுரம், எண்ணூர்....

இங்கே வழக்கமாக நடப்பது இதுதான். பின்கட்டில் கொஞ்சம் இடம் இருக்கும். கொத்தனாரை வைத்து சிமெண்ட் தொட்டி கட்டி, வெள்ளிக்கிழமை தண்ணீர் நிரப்பி, ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போய் பத்துப் பன்னிரண்டு மீன் வாங்கி வந்து விடுவார்கள். இரண்டாவது வாரம் ஒவ்வொன்றாக மிதக்கும். "நோய் மீனைத் தலையில் கட்டிட்டான்பா" என்று கடைக்காரருக்குத் திட்டு விழும். பெரும்பாலும் அவர் மேல் தப்பே இருக்காது.

காரணம் அமோனியா. தீனியில் இருக்கும் புரதம் செரித்த பிறகு மீன் அமோனியாவைச் செவுள் வழியாகத் தண்ணீரிலேயே விடுகிறது. பழைய குளத்தில் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்தில்லை. ஆனால் புதுக் குளத்தில் இந்தப் பாக்டீரியா கூட்டம் சேர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை செலவுக் கணக்கு முதல் நாளே தொடங்கிவிட்டது, வரவுக் கணக்கு இன்னும் திறக்கவே இல்லை என்ற நிலைமை. எந்தக் கடை தாங்கும்?

அமோனியா என்ன செய்யும் என்று எண்ணூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் போகும் குழாயில் கசிவு ஏற்பட்டு, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீதிக்கு ஓடிவந்தார்கள். பலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்கலாம் என்ற இடத்தில் 49 இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. மனிதர்களுக்காவது ஓடுவதற்கு வீதி இருந்தது. தொட்டி மீன் எங்கே ஓடும்?

இதில் சிமெண்ட் இன்னொரு வில்லன். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து பிஎச் 9, 10 என்று ஏறும். 30 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 என்றால் மொத்த அமோனியாவில் விஷ வடிவில் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 8ல் ஏழு பங்கு. 9ல் நாற்பது பங்குக்கும் மேல்! அதனால்தான் பழைய ஆட்கள் புதுத் தொட்டியில் வாழைத்தண்டு வெட்டிப்போட்டு ஊறவிட்டு, பலமுறை தண்ணீரைக் கொட்டி மாற்றச் சொல்வார்கள். அலுப்பான வேலைதான், ஆனால் அந்த இரண்டு மூன்று வாரத்தைத் தவிர்க்க வழியில்லை.

அடுத்தது எந்தத் தண்ணீர் என்ற கேள்வி. மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். வாய் அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் இரண்டுநாள் திறந்து வைத்தால் போய்விடும், அவசரமென்றால் கடையில் விற்கும் தயோசல்பேட். போர் தண்ணீரில் குளோரின் கிடையாது, உப்பு உண்டு. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல் நீர் ஏறுவது 1960களிலிருந்தே தெரிந்த கதை. லேசான உப்பு கோய்க்கு நல்லதுதான். ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ கல் உப்பு போட்டால் நைட்ரைட் விஷம் செவுளில் ஏறாமல் தடுக்கும். தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே இருக்கும். குறைந்த அளவுக்குப் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு போனால் கூட்டு வட்டி மாதிரி ஏறும். கொஞ்சம் இறைத்துக் கொட்டிவிட்டுத்தான் புதிதாக ஊற்ற வேண்டும், வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு போதும். 2003லேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கிய மழைநீர்த் தொட்டி வீட்டில் உருப்படியாக இருந்தால் அந்த நீரையும் கலந்துகொள்ளலாம். மழைநீரை மட்டுமே ஊற்றினால் பிஎச்சைத் தாங்கும் கார்பனேட் குறைந்து திடீரென்று சரியும், ஜாக்கிரதை.

மூச்சுக் கணக்கும் உண்டு. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். அதிலும் பாசி பிடித்த குளத்தில் விடியற்காலை ரொம்பக் குறையும், ஏனென்றால் இரவெல்லாம் பாசியும் சேர்ந்து மூச்சு விடுகிறது. மே மாதம் ராத்திரி கரண்ட் போனால் மீனுக்கு அது பெரிய விஷயம். மோட்டாரைவிடச் சின்ன ஏர் பம்ப்பை இன்வெர்ட்டரில் இணைப்பது மலிவு. மேலே ஒரு பச்சை வலை கட்டினால் சூடும் குறையும், கொக்கும் வராது.

பத்தடி நீளம், ஆறடி அகலம், மூன்றடி ஆழத் தொட்டியில் சுமார் 5,100 லிட்டர் பிடிக்கும். வளர்ந்த கோய் ஒன்றுக்கு ஆயிரம் லிட்டர் என்று வைத்தால் ஐந்து மீன். பன்னிரண்டு அல்ல. முதலில் இரண்டு விட்டு, தீனியைக் கிள்ளிப் போட்டு, அமோனியா சோதனைச் சொட்டு மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாள் பார்க்க வேண்டும். அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் காட்டிய பிறகு மறுபடி கொளத்தூர் பஸ் ஏறலாம்.