மடுல்சீமை மலையில் ஒரு பகல்

பதுளையிலிருந்து பசறை வழியாகச் செல்லும் பாதை, வளைவின் மேல் வளைவாக ஏறி மடுல்சீமையை அடைகிறது. ஊவா மலைநாடு கிழக்குத் தாழ்நிலத்தை நோக்கிச் சட்டென்று முடிவுறும் இடம் இது. அம்முடிவில் அமைந்த செங்குத்துப் பாறை விளிம்பைச் ‘சின்ன உலக முடிவு’ என்கின்றனர். அவசரமின்றி நடந்து அதனைக் கண்டு மீள விரும்புவோர், ஒரு முழுப் பகலை அதற்கென ஒதுக்கிவிடுதல் நலம்.

காலையில் புறப்படுவோமாயின், தேயிலை மலைகளில் கூடை சுமந்த பெண்கள் நமக்கு முன்னரே நிரைபிடித்துக் கொழுந்தெடுப்பதைக் காணலாம். நாம் இளைப்பாறி ஏறும் சரிவு அவர்களுக்கு அன்றாடப் பணிக்களம். லயங்களையும் சிறு கோயில்களையும் கடந்து மேலே செல்லச் செல்லத் தேயிலை குறைந்து மானாப்புல் மிகுகிறது. காற்றும் வலுக்கிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் இவ்வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தேடித்தந்த தனிமணத்தை அளிப்பது.

ஆனால் இம்மலை முன்பு தேயிலை மலையன்று; கோப்பி மலை. 1869 ஆம் ஆண்டில், மடுல்சீமைத் தோட்டமொன்றின் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருப்பது கண்டறியப்பட்டது. பேராதனைப் பூந்தோட்டத் தலைவர் துவெயிட்ஸ் அதனை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்னும் பாதிரியார் ஆராய்ந்து, ‘ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்’ எனப் பெயரிட்டார். காட்டை அழித்து இடைவெளியின்றி நடப்பட்ட கோப்பியில், காற்றில் பறந்த பூஞ்சை வித்துக்கள் தோட்டந்தோறும் பரவின. இருபது ஆண்டுகளில் இலங்கையின் கோப்பிப் பெருஞ்செல்வம் பெரும்பாலும் அழிந்தது. ஸ்கொட்லாந்து நாட்டவரான ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை, அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது.

இம்மாற்றம் செடியோடு நின்றுவிடவில்லை. கோப்பிப் பழம் பறிப்பதற்கு ஒரு பருவமே உண்டு. ஆதலால் தமிழகத்திலிருந்து காடு கடந்து நடந்து வந்தவர்களிற் பலர், பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். வந்துபோனவர்கள் குடும்பத்தோடு தங்கலாயினர். இலையிற் படிந்த ஒரு தூள், வழிப்போக்கரைக் குடிகளாக்கியது.

எனினும் 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோர்க்கு வழிசெய்த சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே பிறந்தது.

உச்சி விளிம்பில் நின்றால், காலடியிற் பள்ளத்தாக்கும் அதற்கப்பால் காடும் வயலும் நீர்நிலையும் விரிந்து கிடக்கின்றன. கணப்பொழுதில் மூடுபனி அனைத்தையும் மறைத்துவிடும். ஆதலால் விளிம்பை அண்டாது நிற்பதே விவேகம். பனி விலகும்போது கிழக்கை மட்டும் பாராமல், திரும்பி மேற்கையும் நோக்குங்கள். வெட்டிச் சீராக்கப்பட்ட அத்தேயிலைச் சரிவுகளில் இயற்கை தந்தது மலை மட்டுமே. மற்றதெல்லாம் தலைமுறை தலைமுறையாக இங்கு உழைத்தவர்களின் கைவண்ணம். இம்மண் யாருடையது என்ற வினாவுக்கு அச்சரிவுகளைவிடச் சிறந்த சாசனம் வேறில்லை.