மறுகால் இல்லாக் குளம்

நாஞ்சில் நாட்டுக் குளங்களில் நீர் புகுவதற்கு ஒரு கால் உண்டு. மிக்க நீர் வழிந்தோட ஒரு மறுகாலும் உண்டு. ஒரு குளத்தின் மறுகால் நீர் அடுத்த குளத்தை நிரப்புதலும் ஆங்காங்கே காணத்தக்கது. இங்ஙனம் தங்கித் தங்கிச் செல்லும் நீர் பழையாற்றிற் சேர்ந்து மணக்குடியில் கடலொடு கலக்கிறது. வயலில் இட்ட எருவின் ஒரு கூறும் அதனுடன் கரைந்து செல்லும். மறுகால் தூர்ந்த குளத்தின் நிலையை அந்நாட்டு உழவர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

கண்ணாடித் தொட்டியில் கடல்நீரை நிரப்பிப் பவள உயிர்களையும் வண்ண மீன்களையும் வளர்ப்போர் இன்று உலகெங்கும் உளர். அத்தொட்டி மறுகால் இல்லாத குளத்தை ஒத்தது. நாள்தோறும் இரை உள்ளே செல்கிறது. வெளியே செல்வதோ மிகச் சிறிது. ஆவியாகிப் போவதும் நீரேயன்றி அதிற் கரைந்த பொருளன்று. இரையுண்ட மீன் செவுள் வழியே அம்மோனியாவை வெளிவிடும். அது கொடிய நஞ்சு. கல்லிடுக்குகளில் வாழும் பாக்டீரியாக்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நஞ்சின் கடுமை தணியினும் நைட்ரேட்டு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. இரையிலிருந்த பாஸ்பரசும் பாஸ்பேட்டாகி அதனொடு சேரும்.

இவ்விரண்டும் பயிர்க்கு உரமாவன அல்லவோ? பவளத்திற்கு மட்டும் தீங்கு செய்வானேன்? பவளம் விலங்கினத்தைச் சேர்ந்தது. அதன் உடலினுள்ளே நுண்ணிய பாசிகள் குடியிருந்து, ஒளியின் துணையால் உணவு சமைத்து, அதில் ஒரு பங்கைத் தமக்கு இடந்தந்த பவளத்திற்கு அளிக்கின்றன. உரம் அருகிய தெளிந்த நீரில் வாழப் பழகிய வாழ்க்கை அது. நீரில் உரம் மிகுந்தால் உட்பாசி அளவின்றிப் பெருகும்; பவளத்தின் நிறம் பழுப்பாகும். மயிர் போன்ற பாசி கல்லெங்கும் படர்ந்து அதனை மூடும். பாஸ்பேட்டு மிகுமாயின் பவளம் தன் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுதலும் தடைப்படும். அதற்காக உரத்தை முற்றும் ஒழித்தலும் தகாது. உரம் சிறிதும் இல்லாத நீரில் உட்பாசி மெலிந்து பவளம் வெளிறிவிடும். ஆதலின் லிட்டருக்கு நைட்ரேட்டு 2 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட்டு 0.03 முதல் 0.1 மில்லிகிராம் என்னும் அளவில் நிறுத்த முயல்வோர் பலர்.

இதற்குத் துணையாவது கடற்பாசியே. முட்டத்துப் பாறைகளையும் குமரி முனைப் பாறைகளையும் கண்டோர், அலை மோதும் இடங்களில் பச்சைத் தூரிகை போன்று கொத்துக் கொத்தாய் நிற்கும் நூற்பாசியை அறிவர். பசுமையின் வழிவந்த சொல் பாசி. ஆயினும் கடற்பாசிகளுட் செந்நிறத்தனவும் பழுப்பு நிறத்தனவும் பல. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் இக்கடலின் ஆழத்துக் குளிர்நீர் உரத்தைச் சுமந்து மேலெழும். மீன்வளமும் பாசிவளமும் அதனால் ஓங்கும்.

அந்நூற்பாசியின் இனத்ததாய்ச் சிக்குண்ட கம்பி போலச் சுருண்டு வளரும் ஒன்றையே தொட்டிக்குப் பெரிதும் தெரிந்தெடுக்கின்றனர். பவளத் தொட்டியின் கீழே மற்றொரு சிறு தொட்டி அமைத்து, அதிற் பாசியை இட்டு, விளக்கேற்றி, நீரை இடையறாது மேலும் கீழும் ஓடச் செய்வர். மேல்தொட்டி இருண்டிருக்கும் இரவிலே கீழ்த்தொட்டியின் விளக்கு எரியும். இரவில் உயிர்கள் மூச்சுவிடுதலால் நீரிற் சேரும் கரியமில வாயுவைப் பாசி உட்கொள்ளுதலின், நீரின் காரத்தன்மை குறைந்துபோகாமல் இருக்கும். நல்ல ஏற்பாடு!

ஆயின் பாசி வளர்ந்தால் மட்டும் போதாது. நைட்ரேட்டு பாசியின் உடலாக மாறியதேயன்றித் தொட்டியை விட்டு அகலவில்லை. பாசியை அறுத்து வெளியே எடுக்கும்போதுதான் அது நீங்குகிறது. அறுவடையே இக்குளத்தின் மறுகால். அறுக்காமல் விட்டால் அடியில் ஒளி புகாது. அப்பகுதி அழுகி, உண்ட உரத்தையெல்லாம் மீண்டும் நீரிலே விடும். காலர்ப்பா என்னும் பாசி இன்னும் அஞ்சத்தக்கது. அஃது இனம் பெருக்கும் பருவத்தில் தன் உடலின் உட்பொருள் முழுவதையும் வித்தாக்கி ஓரிரவில் கரைந்துபோகும். விடியலில் நீர் பால்போற் கலங்கியிருக்கும்.

பாசியின் பசியும் ஒரு விகிதத்திற்கு உட்பட்டது. கடலடித் தாவரங்களின் உடலில் பாஸ்பரசு அணு ஒன்றுக்கு நைட்ரஜன் அணுக்கள் ஏறத்தாழ 30 உள்ளன என்று அட்கின்சன், ஸ்மித் என்னும் அறிஞர் இருவர் 1983இல் வெளியிட்டனர். எனவே நைட்ரேட்டு தீர்ந்துவிட்டால், பாஸ்பேட்டு எவ்வளவு எஞ்சியிருப்பினும் பாசி மேலும் வளராது. இதனை உணராதார் விளக்கையே பழிப்பர்.

இம்முறை தொட்டியளவில் நிற்பதன்று. மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் கூண்டுகளிற் கடல்விரால் மீனை வளர்த்து, அவற்றைச் சூழப் பாசித் தெப்பங்களை மிதக்கவிட்டனர். மீனின் கழிவு பாசிக்கு உரமாயிற்று. கூண்டருகே மிதந்த தெப்பங்கள் தனித்து மிதந்தவற்றினும் மிகுதியாய் விளைந்தன.

அதே கரையில் மறுபக்கமும் உண்டு. வெளிநாட்டிலிருந்து கொணர்ந்து பயிரிட்ட கப்பாபைகசு என்னும் பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே உயிருள்ள பவளத்தின்மீது படர்ந்து அதனை மூடியதை 2008இல் ஆய்வாளர் எடுத்துரைத்தனர். பல மீனவ மகளிர்க்குப் பிழைப்பளித்த பயிரும் அதுவே. ஐரோப்பாவிலும் இத்தகையது நிகழ்ந்தது. காட்சித் தொட்டிகளில் வளர்க்கப்பெற்ற காலர்ப்பா வகையொன்று 1984இல் மொனாக்கோக் கடலடியிற் சிறு திட்டாகக் காணப்பட்டது. பின்னர் மத்தியதரைக் கடலிற் பெரும்பரப்பைக் கவர்ந்துகொண்டது. எனவே அறுத்த பாசியைக் கடலிலோ கழியிலோ எறிதல் தகாது. இந்நாட்டுக் கடலிலிருந்து பவளத்தை எடுத்துவந்து வளர்த்தலும் குற்றமாகும். பாறை கட்டும் பவள உயிர்கள் 2001ஆம் ஆண்டு முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன.

அறுத்த பாசியை உப்புப்போகக் கழுவி, உலர்த்தித் தென்னையின் அடியிற் புதைக்கலாம். கரையொதுங்கிய பாசியைத் தென்னைக்கு எருவாக இடுதல் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள வழக்கமே.