இழுவையும் ஓட்டமும்

மன்னார்குடியில் ‘பிக்கப்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நெல் மூட்டையும் உர மூட்டையும் ஏற்றிச் செல்லும் சிறு சரக்கு வண்டி ஒன்று. மிதித்தவுடன் வண்டி பாய்ந்தெழும் திறம் மற்றொன்று. ‘பிக்கப்புக்குப் பிக்கப் இல்லை’ என்று பட்டறையில் ஒருவர் குறைபட்டுக்கொண்டால் அது கூறியது கூறல் ஆகாது. தமிழ் கற்பிக்கும் நமக்கு இயந்திரம் பற்றி எழுத என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நம் குடும்பத்தில் அப்படியொரு வண்டி இருக்கிறது. அதன்மேல் பணம் போடுவதா, போடுவதானால் எதில் போடுவது என்ற வழக்கு சென்ற சம்பாப் பருவம் முழுவதும் நம் திண்ணையில் நடந்தது. தகுதி அவ்வளவே.

வண்டி மகிந்திராவின் பழைய பிக்கப். வயது இருபதைக் கடந்துவிட்டது. நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பிதான் அதை ஓட்டுகிறார். அறுவடைக் காலத்தில் பிறர் நெல்லுக்கும் வாடகைக்குப் போகும். 2523 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் டீசல் இயந்திரம், டர்போ இல்லாதது. இந்த 2523 என்ற எண்ணை நாம் வெகுநாள் வெறும் எண்ணாகவே பார்த்து வந்தோம். சிலிண்டரின் விட்டம் 88.9 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 101.6 மில்லிமீட்டர் என்று அறிந்தபோதுதான் அதன் பூர்வீகம் புலப்பட்டது. மூன்றரை அங்குலமும் நான்கு அங்குலமும் மில்லிமீட்டர் வேடம் போட்டு நிற்கின்றன. பெருக்கிப் பார்த்தால் 154 கன அங்குலம். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் இங்கிலாந்தில் செய்த டிராக்டர்களில் பி.டி.154 என்ற டீசல் இயந்திரம் இருந்தது. அதன் அளவும் இதுவே. அந்நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்துதான் மகிந்திரா 1963இல் டிராக்டர் தொழிலில் இறங்கியது. சொல்லுக்கு வேர் தேடுவோருக்கு இத்தகைய கண்டுபிடிப்பு தரும் மகிழ்ச்சியைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

வேர் தெரிந்தால் குணம் தெரியும். அது உழவுக்குப் பிறந்த இயந்திரம். மெதுவாகச் சுழன்று பாரத்தை இழுப்பது அதன் இயல்பு. விரைந்து சுழல்வது அன்று. பட்டறைக்காரர்கள் இவ்விரண்டையும் ‘இழுவை’, ‘ஓட்டம்’ என்று அழகாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இயற்பியல் நூலில் ‘முறுக்குவிசை’, ‘திறன்’ என்று படித்த மாணவன் விழிக்கும் இடத்தில் பத்தாவது தாண்டாத பையன் தெளிவாக இருக்கிறான்.

நம் ஊருக்கு இவற்றுள் எது வேண்டும்? வடக்கே நீடாமங்கலம், தென்கிழக்கே திருத்துறைப்பூண்டி, எப்பக்கம் போனாலும் தரை தட்டையாகவே கிடக்கிறது. காவிரி கொண்டுவந்து பரப்பிய மண்ணில் மலை ஏது, மேடு ஏது? ஆனால் களத்திலிருந்து சாலைக்கு ஏறும் இடம் உண்டு. ஆற்றங்கரைச் சரிவு உண்டு. வாய்க்கால் மதகை ஒட்டி, ஈர மண்ணில், முதல் கியரில், முழுப் பாரத்தோடு ஏற வேண்டிய பத்தடி உண்டு. டெல்டாவின் மலையேற்றம் அந்தப் பத்தடிதான். அங்கே வேண்டியது இழுவை. நெடுஞ்சாலையில் பாயும் வண்டிகளுக்குச் சொல்லப்படும் உத்திகள் பெரும்பாலும் ஓட்டத்திற்கானவை. அவற்றை இங்கே கொண்டுவந்து பொருத்துவது வேற்று நிலத்துக் கருப்பொருளை மருதத்தில் நடுவது போன்றது.

தம்பிக்கு டர்போவின்மேல் ஆசை. “அண்ணே, புது வண்டியெல்லாம் கரையில சும்மா ஏறிப் போவுது. நம்ம வண்டி மட்டும் நின்னு பொகையுது” என்றார். ஆசையில் நியாயம் இருந்தது. கழிவாகப் போகும் புகையின் வேகத்தாலேயே ஒரு விசிறியைச் சுழற்றி, இயந்திரத்திற்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் இக்கருத்துக்குச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூகி 1905இலேயே காப்புரிமை பெற்றார். கருத்தில் குறையில்லை. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் பழைய டர்போவும் கிடைக்கும். தடை வேறு இடத்தில் இருந்தது. தம்பி மனைவியின் நான்கு வளையல்கள் கூட்டுறவுச் சங்கத்தில் அடகில் இருந்தன. டர்போவுக்கு ஆகும் தொகையும் வளையல்களை மீட்கும் தொகையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. அந்தப் பெண் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தேநீர் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

நாம் மெக்கானிக்கைக் கேட்டோம். அறுபதை நெருங்கியவர், அளந்து பேசுபவர். “போடலாம் சார். போட்டா அடுத்து எது போவும்னு யோசிச்சுக்குங்க” என்றார். பிறகு விரல் மடக்கினார்: ஹெட் கேஸ்கெட், பிஸ்டன், கிளட்ச், பின்னால் கிரவுன். கம்பெனியே டர்போ வைத்துச் செய்த இயந்திரத்தில் அந்த வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ற பிஸ்டனும் எண்ணெய் வழியும் சேர்ந்தே வரும். இருபது வயது இயந்திரத்தின் தலையில் டர்போவை மட்டும் கட்டினால், கூடும் பலம் அத்தனையும் தேய்ந்த உறுப்புகளின் வழியேதான் சக்கரத்தை அடைய வேண்டும்.

அதற்கு முன்பே வேறொரு பட்டறையில் மலிவான வைத்தியம் ஒன்று நடந்திருந்தது. டீசல் பம்பின் திருகைச் சற்றே திருப்பி எண்ணெயைக் கூட்டிவிட்டிருந்தார்கள். முதல் இரண்டு நாள் வண்டி துள்ளியது. பின்னர் புகை. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். நடைமுறையில் அதற்கும் மேலே. டர்போ இல்லாத இந்த இயந்திரம் நிமிடத்திற்கு 2000 சுற்று ஓடும்போது உள்ளிழுக்கக்கூடிய காற்று, மிகுதியாகச் சொன்னாலும், 2500 லிட்டர்தான். திருகைத் திருப்பினால் எண்ணெய் கூடும்; காற்று கூடாது. எரியாத எண்ணெய் கரும்புகையாகப் போகிறது, பிஸ்டனின் தலை காய்கிறது. கரும்புகையைப் பலத்தின் அடையாளமாகக் கொள்ளும் ஓட்டுநர்கள் இன்றும் இருக்கிறார்கள். உரக்கப் பேசுவதே புலமை என்று எண்ணும் மேடைப் பேச்சாளர்களை நாம் அறிந்திருப்பதால் நமக்கு வியப்பில்லை.

மெக்கானிக் முதலில் செய்தது கம்ப்ரெஷன் பார்த்தது. இதைச் செய்யாமல் வேறெதிலும் ஒரு ரூபாயும் போடக்கூடாது என்பது அவர் கட்சி. நமது கட்சியும் அதுவே. நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருங்கி நின்றன. மூன்றாவது மட்டும் சற்றுத் தளர்வு. ரிங் மாற்ற இன்னும் காலமிருக்கிறது என்றார். டாப்பெட் இடைவெளி சரிசெய்யப்பட்டது. நான்கு நாசில்களும் கழற்றப்பட்டுத் தஞ்சாவூருக்குச் சோதனைக்குப் போயின. நல்ல நாசில் எண்ணெயைப் பனிப்புகை போலத் தூவும். நம்முடையவற்றில் இரண்டு சொட்டிக்கொண்டிருந்தன. சொட்டாக விழும் எண்ணெய் நேரத்தில் எரிவதில்லை. இழுவை போகும் வழி இது. முனைகளை மாற்றி, அழுத்தம் சரிபார்த்து, பம்பையும் அதன் பழைய அளவுக்கே கொண்டுவந்தார்கள்.

காற்று வரும் பாதையில் பில்டருக்கு அப்பால் ரப்பர் குழாய் ஒன்றில் வெடிப்பு இருந்தது. அறுவடைக் காலத்து மன்னார்குடியைப் பார்த்தவர்களுக்கு அதன் கொடுமை விளங்கும். பதரும் வைக்கோல் தூசியும் காற்றாகவே மாறிவிடும் ஊர் இது. பில்டரைத் தாண்டி உள்ளே போகும் தூசி சிலிண்டர் சுவரை அரம்போல் அராவும். மிகச் சிறிய தொகையில் முடிந்த அந்தக் குழாய்தான் இந்தப் பட்டியலில் மிக மதிப்பு வாய்ந்த முன்னேற்றம் என்று நாம் கருதுகிறோம். கிளட்ச் தட்டு புதிதாயிற்று. பெரிய சைலன்சர் வேண்டாம் என்றோம். டர்போ இல்லாத வண்டியில் அது பெரும்பாலும் சத்தத்தையே கூட்டும். ‘சிப்’ வைத்துத் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். கணினியே இல்லாத இயந்திரத்தில் அதை எங்கே வைப்பார் என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டோம்.

முழு இயந்திரத்தையே மாற்றிவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொன்னார். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அங்கே குறுக்கே நிற்கிறது. இயந்திர எண் மாறினால் பதிவுச் சான்றிலும் இசைவோடு மாற வேண்டும். எட்டாண்டு கடந்த சரக்கு வண்டி ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்காக அதிகாரி முன் நிற்க வேண்டியிருப்பதால் இது ஏட்டளவுச் சிக்கல் அன்று.

பாரம் பற்றியும் பேச வேண்டியதாயிற்று. கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. சான்றில் எழுதிய எடைக்குள் நின்றால் நம் வண்டியில் முப்பது ஏறும். ஐம்பது ஏற்றுவது ஊர் வழக்கம். வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகை ஏற்றியே அச்சு முறித்துக் காட்டியவரை வகுப்பில் நடத்திவிட்டு மாலையில் இதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதன்று. தம்பி முப்பத்தைந்துக்கு இறங்கி வந்தார். அதற்கு மேல் வாதாட நமக்கு உரிமை இல்லை. மழை மேகம் திரண்டு நிற்க, நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிடுமோ என்று ஓடுபவர் அவர்.

தை அறுவடையில் வண்டி அந்தப் பத்தடியை முதல் கியரில் புகையின்றி ஏறியது. புது வண்டிகளைப் போல் அன்று. தன் பழைய வேகத்தில். டர்போ ஆசை தம்பிக்கு முற்றிலும் போய்விட்டதாகத் தெரியவில்லை. மாசியில் வளையல்களை மீட்டார்கள். மூன்றாவது சிலிண்டரை ஆறு மாதத்திற்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார் மெக்கானிக். ரேடியேட்டர் இடுக்கெல்லாம் பதர் அடைத்திருக்கிறது. குறுவை அறுவடைக்கு முன் அதைக் கழற்றிக் கழுவ வேண்டும்.