நான் அடித்த வரிகள்



"துணைக்கு வாருங்கள், அண்ணா" என்று கனடாவின் எட்மன்டன் நகரிலிருந்து என் தம்பி தொலைபேசியில் அழைத்தான். சென்ற ஆண்டு மனைவியை இழந்தவன் அவன். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி யாவும் உள்ளடங்கிய பழைய வீட்டு வண்டி ஒன்றை இருவரும் வாங்கி வைத்திருந்தனர். அதில் ஏறி, வடகோடியிலுள்ள இனுவிக் என்னும் ஊர்வரை செல்வது அவர்களது நெடுநாள் ஆசை. வரும் ஜூலையில் அப்பயணத்தை என்னோடு செய்ய விரும்பினான். ஆயர் அவர்களும் ஒரு மாத விடுப்பு அளித்தார்கள்.

எட்மன்டனிலிருந்து டாசன் நகர் சுமார் 2,500 கிலோமீட்டர். அந்நகருக்கு அருகில் தொடங்குகிறது டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை. 1979-இல் திறக்கப்பட்ட இது, ஏறத்தாழ 740 கிலோமீட்டர் நீளமுள்ள சரளைக்கல் பாதை. பாதித் தொலைவு சென்றால்தான் முதல் எரிபொருள் நிலையம். வழியில் குறுக்கிடும் பீல், மக்கென்சி ஆறுகளுக்குப் பாலம் இல்லை. கோடையில் படகுகள் வண்டிகளை ஏற்றிக் கடத்தும். வெள்ளம் பெருகினால் அவை நின்றுவிடும். வழியின் பெரும்பகுதியில் கைப்பேசியும் பேசாது.

பயணத்துக்கு வேண்டியவற்றைப் பட்டியலாகப் படியெடுத்துத் தம்பி அனுப்பியிருந்தான். முழு அளவு மாற்றுச் சக்கரங்கள் இரண்டு, பத்து நாள் உணவு, எரிபொருள் நிரப்பிய தனிக்கலன்கள், கொசுவலை, ஆற்றங்கரையில் காத்திருக்க மூன்று நாட்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சீடர்கள் பையின்றி அனுப்பப்பட்டதை அவனுக்கு நினைவூட்டி, ஒரு சக்கரத்தையும், ஆறு நாள் உணவையும், காத்திருக்கும் நாட்கள் மூன்றையும் அடித்துத் திருப்பி அனுப்பினேன். பாரம் குறைந்தால் விரைவாகப் போகலாம் அல்லவா?

பிறகு அச்சாலையின் பெயர்க்காரணத்தைத் தேடிப் படித்தேன். 1910 டிசம்பரில், ஃபிட்ஸ்ஜெரால்ட் என்னும் காவல் அதிகாரியின் தலைமையில் நால்வர், ஃபோர்ட் மெக்ஃபெர்சனிலிருந்து டாசனுக்கு நாய்கள் இழுக்கும் பனிவண்டிகளில் புறப்பட்டனர். விரைவை நாடி உணவைக் குறைத்துக்கொண்டனர். வழியில் சில நாட்கள் துணைவந்த அந்நாட்டுப் பூர்வகுடி வழிகாட்டியையும் கூலி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டனர். திரும்பவேண்டிய ஓடை எதுவெனத் தெரியாமல் நாட்கணக்கில் தேடினர். பின்பு வந்த வழியே திரும்பினர். பசியால் தங்கள் நாய்களையே கொன்று உண்டனர். 1911 மார்ச்சில், டெம்ப்ஸ்டர் என்னும் காவலர் அவர்களைத் தேடிச் சென்று நால்வரின் உடல்களையும் கண்டெடுத்தார். கடைசி இருவர் கிடந்த இடம் ஃபோர்ட் மெக்ஃபெர்சனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவுதான்.

அன்றிரவே தம்பியை அழைத்தேன். "நான் அடித்தவற்றையெல்லாம் மறுபடியும் எழுதிக்கொள்" என்றேன்.

அவன் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "நான் எதையும் அடிக்கவில்லை, அண்ணா. அந்தப் பட்டியல் அவள் எழுதியது. மருத்துவமனையில் இருந்தபோதுகூட ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள்" என்றான்.

நான் நாணினேன். முன்னேற்பாடு என்பது நம்பிக்கைக் குறைவு என்று எண்ணிவிட்டேன். உடன் வருபவர் பசியாலும் குளிராலும் வருந்தக்கூடாதே என்ற அன்புதான் அந்தப் பட்டியலாகியிருந்தது. எளிமை என்று நான் கருதியதோ, அறியாத நாட்டை அறிந்ததாக எண்ணிய செருக்கு.

பட்டியலின் கடைசி வரியை மட்டும் நான் அடித்திருக்கவில்லை. 'இனுவிக் கோவிலில் ஒரு பூசை' என்பது அது. பனிவீட்டின் வடிவில், வெற்றி அன்னையின் பெயரால் 1960-இல் திறக்கப்பட்ட மரக்கோவில் அங்கே இருக்கிறது. குருவாகிய நான் வருவதால் சேர்த்த வரி என்றுதான் அதை எண்ணியிருந்தேன். நான் உடன் செல்வேன் என்று அவள் அறிந்திருக்க வழியே இல்லை.

இறைவன் திருவுளமானால், வரும் ஜூலையில் அப்பூசையை அவளுக்காக ஒப்புக்கொடுப்பேன். மாற்றுச் சக்கரங்கள் இரண்டையும் தம்பி வாங்கிவிட்டான். ஆற்றங்கரையில் மூன்று நாட்கள் காத்திருக்க நேர்ந்தால், காத்திருப்போம்.