துண்டுக்கடியில் பேசும் விலை

அயலூருக்குப் படிக்க வருகிறவனுக்கு முதல் நாளில் சோற்றைவிட, பாயைவிட அவசரமாக வேண்டியிருப்பது தன் மொழியில் ஒரு சொல். காட்பாடியில் வண்டி மாறி, சித்தூரையும் பாகாலாவையும் கடந்து, திருப்பதியில் பெட்டியோடு இறங்கும் தமிழ் மாணவனை நினைத்துப் பாருங்கள். நிலையத்து வாசலிலேயே, "ரூம் வேணுமா சார்?" என்று தமிழில் ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலை அவன் நம்புவதில்லை. அது தரகர் குரல் என்பது அவனுக்குத் தெரியும். யாத்திரிகர்கள் கூடும் ஊரில் தரகர்களிடம் ஏமாற வேண்டாம் என்று தேவஸ்தானமே பலமுறை எச்சரித்திருக்கிறது. ஆனால் இரண்டு நாள் கழித்து, பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துத் தெருவில், "எந்த ஊர் தம்பி? சாப்பிட்டியா?" என்று இன்னொரு குரல் கேட்கிறது. அதை அவன் உடனே நம்பிவிடுகிறான். நான் எழுத வந்தது இந்த இரண்டாவது குரலைப் பற்றியே.

நம்புவதற்குக் காரணமும் உண்டு. இந்தப் பகுதி நமக்கு முற்றிலும் அயல்நாடு அன்று. 1911-இல் தனி மாவட்டம் ஆகும்வரை சித்தூர்தான் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரம். 1960-இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. சித்தூரும் புத்தூரும் நகரியும் ஆந்திரத்தில் நின்றன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. வரைபடத்தில் கோடுகள் எத்தனை முறை மாறினாலும் கடைத்தெருவில் தமிழ் மாறவில்லை. ஆகவே விழுப்புரத்திலிருந்து வந்த என்னைப் போன்றவனுக்கு இங்கே தமிழ் பேசுகிறவர் எல்லோரும் பாதி உறவினராகவே தோன்றுகிறார்கள்.

அத்தகைய பாதி உறவினர் ஒருவரை நாங்கள் 'அண்ணன்' என்று அழைத்தோம். அவர் ஒரு சிறு கடை வைத்திருக்கிறார். கடையின் ஓரத்தில் ஒரு தடித்த குறிப்பேடு நூலில் கட்டித் தொங்கும். புதிதாக வரும் தமிழ் மாணவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று மூத்த மாணவர்கள் அதில் எழுதி வைப்பார்கள். எந்த வீட்டில் அறை இருக்கிறது, வாடகை என்ன, தண்ணீர் எப்படி, எந்த மெஸ்ஸில் குழம்பு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் என்பன போன்ற செய்திகள் அதில் இருக்கும். கைபேசி யுகத்திலும் அந்த ஏட்டுக்கு ஒரு மதிப்பு இருந்தது. அண்ணன் வைத்திருந்த ஏடு என்பதே அந்த மதிப்புக்குக் காரணம்.

எனக்கு ஒரு வகுப்பு இளைய மாணவன் ஒருவன். சித்தூருக்கு அப்பால் ஒரு கிராமம். தந்தை கரும்பு பயிரிடுகிறார். தமிழும் தெலுங்கும் ஒருங்கே பேசுவான். ஏட்டில் புகழ்ந்து எழுதியிருந்த ஒரு வீட்டில் 12,000 ரூபாய் முன்பணம் கொடுத்துக் குடிபோனான். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வந்தது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வெளியேறினான். முன்பணம் திரும்பவில்லை. எவரையும் ஏசாமல், மூன்றே வரியில், நடந்ததை அப்படியே ஏட்டில் எழுதிவைத்தான்.

மறுநாள் அந்த மூன்று வரிகளின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. அந்த ஏட்டின் பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். தாளுக்கடியில் அவனுடைய நீல மை தெரிந்தது. எதிர்ப்பக்கத்தில் அதே வீட்டைப் பற்றிய புகழுரை மட்டும் சிதையாமல் இருந்தது.

அவன் போய்க் கேட்டான்: "ஏன் அண்ணா ஒட்டிட்டீங்க?"

"தம்பி, இது நாலு பேர் வந்து போற கடை. வீட்டுக்காரரைப் பத்தி இப்படி எழுதினா நாளைக்கு நம்ம பசங்களுக்கு யாரு வீடு தருவா? எல்லாம் உங்க நன்மைக்குத்தான்."

இந்தப் பதிலில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த வாரம் முன்பணத்துக்காக வீட்டுக்காரரிடம் போனபோது, அவர் சலிப்போடு வேறொன்றைச் சொல்லிவிட்டார்: "ஒவ்வொரு பையனுக்கும் அரை மாத வாடகையை உங்க அண்ணனுக்குக் கொடுத்திருக்கேன். போய் அவரைக் கேளு." வெள்ளைத்தாளின் பொருள் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

நண்பர்களே, தரகு வாங்குவதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. சித்தூர் வெல்ல மண்டியில் கமிஷன் இல்லாமல் ஒரு மூட்டையும் நகராது. நம் ஊர் மாட்டுச் சந்தையில் தரகர் கைமேல் துண்டைப் போட்டு, விரலைப் பிடித்தே விலை பேசுவார். விலை மறைவாக இருக்கும். ஆனால் பேசுகிறவர் தரகர் என்பது மறைவாக இராது. மாடு வாங்க வந்தவன் அவர் சொல்லில் பாதியைத் தள்ளிவிட்டே கேட்பான். நம் அண்ணன் விஷயத்தில் மறைந்திருந்தது விலை மட்டுமன்று. தரகர் என்னும் உண்மையே துண்டுக்கடியில் இருந்தது. ஆகவே அவர் சொல்லில் எதைத் தள்ளுவது என்று கேட்பவனுக்குத் தெரியாமற் போயிற்று.

இது இன்று நேற்று வந்த நோய் அன்று. கடல் கடந்த தமிழனின் சரித்திரமே இதற்குச் சான்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஆள் சேர்க்கக் கங்காணிகள் தங்கள் சொந்தக் கிராமங்களுக்கே வந்தார்கள். மாமனாகவும் மச்சானாகவும் திண்ணையில் உட்கார்ந்து அக்கரைச் சீமையின் சிறப்பைச் சொன்னார்கள். வேலைக்குப் போகும் ஒவ்வொரு தலைக்கும் தமக்குத் 'தலைக்காசு' உண்டு என்பதை அந்தத் திண்ணையில் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? இலங்கையில் 'துண்டு' என்றே ஒரு முறை இருந்தது. கங்காணியின் கடனைத் தீர்த்தால் அவனுடைய ஆட்களை விடுவிக்கிறோம் என்று தோட்ட நிர்வாகம் எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. அந்தச் சீட்டில்லாமல் தொழிலாளி வேறு தோட்டம் போக முடியாது. 1921-இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். கங்காணி வழியாக மலாயாவுக்கு ஆள் போவது 1938-இல் நின்றது. அயலான் பேசியிருந்தால் அந்த ஏழை மக்கள் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பார்கள். நம்மவன் பேசியதால் கேளாமல் கப்பலேறினார்கள்.

படித்தவர்கள் உலகம் இதற்கு விலக்கா என்றால், அதுவும் இல்லை. நான் அறிவியல் மாணவன். எங்கள் வீட்டுக் குறையையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 1967-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ ஏடான 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசி'னில், ஹார்வர்டு பல்கலைக்கழக அறிஞர்கள் ஓர் ஆய்வுத் தொகுப்புரை எழுதினார்கள். இருதய நோய்க்குக் காரணம் கொழுப்பே என்று அழுத்திச் சொல்லி, சர்க்கரையின்மீதிருந்த ஐயத்தை அது தணித்தது. அதற்காகச் சர்க்கரை உற்பத்தியாளர்களின் ஆராய்ச்சி நிறுவனம் 6,500 டாலர் கொடுத்திருந்தது. எழுதிய கையெழுத்துப் படியையும் முன்கூட்டியே பார்த்திருந்தது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பழைய கடிதங்களைத் தேடி எடுத்த ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டபோதுதான் உலகம் அறிந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள்! அக்கட்டுரையில் பொய் எழுதியிருந்தது என்றுகூட நான் வாதிக்க வரவில்லை. பணம் யாருடையது என்று அடியில் ஒரு வரி இருந்திருந்தால், படித்தவர் தக்க எச்சரிக்கையோடு படித்திருப்பார். அந்த ஒரு வரியை அதே ஏடு 1984-இல்தான் கட்டாயமாக்கியது.

வெள்ளைத்தாள் ஒட்டும் பழக்கத்துக்கும் நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 2009 பொதுத்தேர்தலில் பல பத்திரிகைகள் வேட்பாளர்களிடம் பணம் பெற்றுக்கொண்டு விளம்பரத்தைச் செய்தி போலவே அச்சிட்டன என்ற புகார் எழுந்தது. இங்கே ஆந்திரத்திலும் பத்திரிகையாளர் சங்கத்தாரே அதை எடுத்துச் சொன்னார்கள். இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் பரஞ்சய் குஹா தாகுர்த்தா, தெலுங்குப் பத்திரிகையாளர் கே. சீனிவாச ரெட்டி ஆகிய இருவரிடம் விசாரணையை ஒப்படைத்தது. அவர்கள் 71 பக்க அறிக்கை தந்தார்கள்; பத்திரிகைகளின் பெயர்களும் அதில் இருந்தன. கவுன்சிலோ 2010 ஜூலையில் பெயர்கள் இல்லாத சுருக்கத்தை மட்டும் வெளியிட்டது. மறைத்து விற்பதைக் கண்டிக்கும் அறிக்கையையே மறைத்த விந்தை இது! 2011-இல் மத்தியத் தகவல் ஆணையம் ஆணையிட்ட பின்னரே முழு அறிக்கை வெளியாயிற்று.

சட்டம் இன்று ஓரளவு விழித்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2022 ஜூனில் வந்த விதிமுறைகள், ஒரு பொருளைப் புகழ்ந்து பேசுகிறவர் அதன் உரிமையாளரோடு தமக்குள்ள தொடர்பை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்கின்றன. ஆனால் கடையோரத்தில் நூலில் தொங்கும் ஏட்டைத் தேடிச் சட்டம் வராது. அந்த இடத்தில் நம் மனச்சாட்சிதான் நீதிமன்றம்.

எதிர்வாதத்தையும் கேட்போம். "நள்ளிரவில் காய்ச்சல் கண்ட மாணவனைத் தம் வண்டியில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனவர் அந்த அண்ணன்தானே? நன்றி மறக்கலாமா?" என்று என் அறைத் தோழன் கேட்டான். மறக்கலாகாது. அவர் அழைத்துப் போனவர்களில் நானும் ஒருவன். ஆனால் நன்றி வேறு, சாட்சி வேறு. எனக்குச் செய்த உதவிக்கு நான் என்றும் கடன்பட்டவன். அந்தக் கடனை இன்னொருவனுடைய 12,000 ரூபாயைக் கொண்டு அடைக்க எனக்கு உரிமை இல்லை.

"ஏட்டை வைத்திருப்பவருக்கு அதில் எதையும் நீக்கும் அதிகாரம் இல்லையா?" என்பது இன்னொரு கேள்வி. உண்டு. வசைச்சொல்லை நீக்கட்டும், பொய்யை நீக்கட்டும், ஒரு பெண்ணின் பெயரை இழுத்து எழுதினால் பக்கத்தையே கிழிக்கட்டும். ஆனால் தராசு பிடிக்கிறவன் ஒரு தட்டில் தன் விரலை வைத்துக்கொண்டு நிறுக்கலாகாது. வள்ளுவர் நடுவுநிலைமைக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதை நாம் பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கியாயிற்று. அதைக் கைக்கொள்ளும் சந்தர்ப்பம் இப்போதுதான் வாய்த்திருக்கிறது.

எப்படியென்றால், வரும் கல்வியாண்டில் புதிய மாணவர்களுக்காக நம் சங்கம் ஒரு வழிகாட்டிப் புத்தகம் அச்சிட இருக்கிறது. அதன் செலவு முழுவதையும் தாமே ஏற்பதாக ஒரு விடுதி உரிமையாளர் சொல்லியிருப்பதாகவும், தம் விடுதியைப் பற்றி 'நாலு நல்ல வார்த்தை' எழுதினால் போதும் என்று கேட்டிருப்பதாகவும் அறிகிறேன். சங்கத்தில் பணம் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நாலு வார்த்தையை எழுதிவிட்டால், பிறகு அந்த விடுதியைப் பற்றி வரும் ஐந்தாவது வார்த்தைக்கு வெள்ளைத்தாள் தேட வேண்டிவரும்.

ஆகவே செயற்குழுவுக்கு மூன்று யோசனைகளை வைக்கிறேன். முதலாவது, அறையையோ மெஸ்ஸையோ பற்றி எழுதுகிறவர் தம் பெயரையும், அந்த இடத்தால் தமக்கு ஏதும் வரும்படி உண்டா என்பதையும் சேர்த்து எழுதட்டும். இரண்டாவது, ஒரு குறிப்பை நீக்க நேர்ந்தால், அந்த இடத்தை வெறுமையாக விட்டு, நீக்கியவர் யார், ஏன் நீக்கினார் என்று ஒரு வரி இருக்கட்டும். குறை சொல்லப்பட்டவர் பதில் சொல்ல விரும்பினால் அதையும் அதன் அடியிலேயே அச்சிடுவோம். மூன்றாவது, விடுதிக்காரர் பணம் தர விரும்பினால் பெறலாம். 'விளம்பரம்' என்று தலைப்பிட்ட தனிப் பக்கத்தில் அவர் பெயர் வரட்டும். அவருக்கு அது சம்மதமில்லை என்றால் பணமே வேண்டாம். ஆளுக்கு இருபது ரூபாய் போட்டு, மெல்லிய தாளில் நாமே அச்சிட்டுக்கொள்வோம்.

அண்ணனிடமும் இந்த யோசனைகளை நான் நேரில் சொன்னேன். அவர் சிரித்தார், கோபப்படவில்லை. "கமிஷன் வாங்கறேன்னு எழுதி மாட்டினா எவன் தம்பி என்கிட்ட வருவான்?" என்று கேட்டார். வருவார்கள் என்றே நான் நினைக்கிறேன். அரை மாத வாடகை வாங்கிக்கொண்டு நல்ல வீடு பார்த்துத் தருகிறவர் என்று தெரிந்தே வருவார்கள். தெரிந்து வருகிறவன் நாளைக்கு ஏமாந்தேன் என்று அழமாட்டான். அண்ணனும் அவன் எழுத்தின்மேல் தாள் ஒட்ட வேண்டியிராது.

செயற்குழு அடுத்த மாதம் கூடுகிறது. உங்கள் கருத்து எதுவாயினும், எனக்கு எதிரானதாயினும், பெயரிட்டு எழுதி அனுப்புங்கள்.