கழிவுநீரில் விளையும் கயல்

இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா மாநகரைக் காணச் செல்வோர், ஹௌரா பாலத்தையும் காளி கோயிலையும் விக்டோரியா மண்டபத்தையும் கண்டு மீளுவர். நகரின் கிழக்கெல்லைக்கு அப்பால் ஏறத்தாழ 12,500 ஹெக்டயர் பரப்பில் விரிந்து கிடக்கும் ஏரிகளையும் வயல்களையும் நாடிச் செல்வோர் சிலரே. 'பேரி' என வங்காளிகள் அழைக்கும் அவ்வேரிகளில் ஓடங்கள் மிதக்கின்றன. வலைஞர் வலை இழுக்கின்றனர். அந்நீர் மாநகரத்துச் சாக்கடை நீரே என்று அறிந்தால் வியப்படையாதார் யார்?

இவ்விடத்தில் முன்னர் வித்தியாதரி ஆற்றின் உவர்நீர் பரவியிருந்தது. வண்டல் மூடி அவ்வாறு தூர்ந்துபோக, 1928-ம் ஆண்டில் அது இறந்த ஆறென அறிவிக்கப்பட்டது. உவர்நீர் வரவு ஒழிந்ததும் மீனவர் மனந்தளரவில்லை. நகரிலிருந்து கால்வாய் வழியே கிழக்கு நோக்கி ஓடிவந்த கழிவுநீரை அளவறிந்து ஏரிகளிற் பாய்ச்சி, நன்னீர் மீன்களை வளர்க்கத் தலைப்பட்டனர்.

இங்கே நிகழும் அற்புதம் யாது? தோசை மாவைப் பொங்கச் செய்யும் நுண்ணுயிர்களைப் போன்ற சிற்றுயிர்களே இங்கும் தொழிலாளர். நீரிலுள்ள அழுக்கைப் பற்றீரியாக்கள் உண்டு சிதைக்கின்றன. அடிச்சேற்றில், ஒட்சிசன் எட்டாத இடத்தில், வேறு வகைப் பற்றீரியாக்கள் நொதித்தல் முறையால் அதே பணியை ஆற்றுகின்றன. இவ்வாறு பிரிந்த உரச்சத்தைப் பெற்று, பசிய அல்காக்கள் வெயிலிலே செழிக்கின்றன. அவை பகலில் வெளிவிடும் ஒட்சிசனைப் பற்றீரியாக்கள் சுவாசிக்கின்றன. அல்காக்களை மீன்கள் இரையாக்குகின்றன. ஏரிகள் பொதுவாக ஐந்து அடிக்கு மேல் ஆழமற்றவையாதலின், கதிரவன் ஒளி நீரினுள்ளே நன்கு புகுகின்றது.

எனினும் இது தானே நடக்கும் காரியமன்று. கழிவுநீர் அளவு மிஞ்சினால், விடியற்காலையில் ஒட்சிசன் குன்றி மீன்கள் மூச்சுமுட்டி மடியும். ஆகையால் முதலிற் பாய்ச்சிய நீரைச் சில வாரங்கள் வெயிலிற் கிடத்திய பின்னரே குஞ்சுகளை விடுவர். நீரின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே மதகைத் திறப்பதா மூடுவதா என முடிவு செய்வர். கரையோரத்தில் வளர்க்கும் ஆகாயத்தாமரை அலையைத் தடுத்துக் கரையைக் காக்கின்றது. ரோகு, கட்லா, மிருகால், திலாப்பியா முதலிய மீன்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10,000 தொன் நகரச் சந்தைகளை அடைகின்றன. ஏரியிலிருந்து வடியும் நீரோ நெல்வயல்களுக்குப் பாய்கின்றது.

பெரும் பொருட்செலவில் அமைக்க வேண்டிய சுத்திகரிப்பு நிலையத்தின் பணியை மீனவர்கள் செய்து வந்ததை மாநகரம் நெடுங்காலம் உணரவில்லை. 1980-களில் துருவஜோதி கோஷ் என்னும் அரசாங்கப் பொறியியலாளர், அவர்களிடமே பாடங்கேட்டு, இதனை உலகறியச் செய்தார். 1992-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இந்நிலத்தைக் காக்கத் தீர்ப்பளித்தது. 2002-ல் இது ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2006-ல் தனிச் சட்டமும் பிறந்தது.

ஆயினும் ஆபத்து நீங்கவில்லை. 1962-ல் தொடங்கி ஏரிகளைத் தூர்த்தே உப்பேரி நகர் எழுப்பப்பட்டது. மண்ணாசை இன்றும் எஞ்சிய நீரை நோக்கிக் கை நீட்டுகின்றது. தோல் பதனிடும் தொழிலிலிருந்து குரோமியம் போன்ற உலோகங்கள் கலந்தாலோ, அவற்றைச் செரித்து அழிக்கும் ஆற்றல் நுண்ணுயிர்களுக்கு இல்லை.

ஏரியைத் தூர்த்தால் மீன் மட்டுமா போகும்? நீரின் நிறம் பார்த்து மதகு திறக்கும் கைப்பழக்கமும் அதனுடன் போகும். இழந்த கட்டடத்தைப் பொறியியலாளர் மீண்டும் எழுப்பலாம். தலைமுறைகள் கற்றுச் சேர்த்த அறிவை எக்கடையில் வாங்குவது? மாநகரின் கழிவைச் சோறாகவும் மீனாகவும் மாற்றித் தரும் அவ்வெளிய மக்களுக்கு அவர்தம் நிலத்தை விட்டுவைப்பதே, மாநகரம் தனக்குத் தானே செய்துகொள்ளும் பேருதவியாகும்.