நஞ்சான உணவும் நல்ல மருத்துவமும்

'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்பது ஆன்றோர் வாக்கு. உணவே மருந்து என்றும் பெரியோர் கூறுவர். மருந்தாக வேண்டிய உணவே நஞ்சாகிவிட்டால் என் செய்வது? இக்கேள்விக்கு விடையை நான் பாடநூலில் படிக்கவில்லை. கடந்த கோடை விடுமுறையில், என் 4 வயதுத் தம்பியின் கட்டிலருகே அமர்ந்து கற்றேன்.

உறவினர் வீட்டு விசேஷத்தில் மதியம் சமைத்த ஆட்டுக்கறிக் குழம்பைத் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பியிருந்தார்கள். இரவு 9 மணிக்கு அம்மா அதனை நன்கு கொதிக்க வைத்துப் பரிமாறினார். நள்ளிரவில் தம்பிக்கு வாந்தி தொடங்கியது, பின்னர் வயிற்றுப்போக்கு. அப்பாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தார். "தண்ணீர் கொடுத்தால் மறுபடியும் வாந்தி வரும்" என்று பாட்டி தடுத்துவிட்டார். தாகத்தால் தம்பி அழுதான். சற்று நேரத்தில் அழவும் வலுவின்றிக் கிடந்தான். அந்த மௌனமே எனக்குப் பேரச்சத்தைத் தந்தது.

அடுத்த வீட்டில் செவிலியராகப் பணிபுரியும் அக்கா ஒருவர் இருக்கிறார். நான் ஓடிச்சென்று அழைத்ததும் உடனே வந்தார். "பாட்டி, வாந்தி நின்ற 10 நிமிடம் கழித்து ஒவ்வொரு கரண்டியாகக் கொடுக்கலாம், கொடுக்காமல் இருப்பதுதான் ஆபத்து" என்று கூறி, ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைத்துப் புகட்டினார். அதுவும் தங்கவில்லை. தம்பியின் கண்கள் குழிந்திருப்பதைக் கண்டதும், "இனி வீட்டில் வைத்திருக்கக் கூடாது" என்று 108க்குத் தகவல் கொடுத்தார். பாட்டி செபமாலையை எடுத்துக்கொண்டார்; நாங்கள் அரசு மருத்துவமனைக்கு விரைந்தோம்.

அங்கே மருத்துவர் வினவியவை இன்றும் என் நினைவில் உள்ளன. என்ன உண்டான்? எத்தனை மணிக்கு? வேறு யாருக்கேனும் இப்படி உண்டா? மலத்தில் இரத்தம் உண்டா? கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான்? வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளிப் பார்த்தார். அது மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்பியது. உடலில் நீர் வற்றியதன் அடையாளம் அது. உடனே நரம்பின் வழியே சலைன் ஏற்றினார்கள்.

"கொதிக்க வைத்துத்தானே கொடுத்தேன், டாக்டர்!" என்று அம்மா தேம்பினார். மருத்துவர் கனிவுடன் விளக்கினார்: "உங்கள் மேல் தவறில்லை, அம்மா. சமைத்த உணவு வெளியிலேயே நெடுநேரம் இருந்தால் சில கிருமிகள் பெருகி நஞ்சைச் சுரக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். அந்த நஞ்சு சாகாது. உண்ட சில மணி நேரத்திலேயே வாந்தி வந்ததால் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்." சமைத்த உணவை 2 மணி நேரத்திற்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது என்றும் எச்சரித்தார்.

விடிந்து வெகுநேரம் கழித்துத் தம்பி மெல்லக் கண்விழித்து, "அம்மா, ஒண்ணுக்கு வருது" என்றான். அச்சிறு சொல்லைக் கேட்டு அம்மா அடைந்த மகிழ்ச்சியை எழுத்தில் வடிக்க இயலாது. இரண்டாம் நாள் வீடு திரும்பினோம். 14 நாட்களுக்குத் துத்தநாக மாத்திரையும் தந்தார்கள்.

எளிய அக்கரைசலின் வரலாற்றைப் பின்னர் நூலகத்தில் படித்து வியந்தேன். 1971இல் வங்கதேசப் போரின்போது பன்கான் அகதிகள் முகாமில் காலரா பரவியது. சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோகும் நிலையில், மருத்துவர் திலீப் மஹலனபிஸ் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு கலந்த நீரைப் பருகத் தரச் செய்தார். நோயாளிகளின் உறவினர்களே அதனைப் புகட்டினர். நூற்றுக்கு 30 பேர் வரை மடிந்துகொண்டிருந்த முகாமில், இறப்பு 4 பேருக்கும் கீழே குறைந்தது. சர்க்கரை குடல் வழியே உப்பை உள்ளே அழைத்துச் செல்ல, நீரும் பின்தொடர்கிறது. இதுவே அதன் இரகசியம். 2022இல் மறைந்த அவருக்கு 2023இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

அன்புத் தோழியரே! பொட்டலம் கிடைக்காவிடில், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுங்கள். உப்பு மிகுந்தால் தீங்காகும். எதுவும் வயிற்றில் தங்காவிட்டாலோ, மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், மயக்கம் கண்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ கைவைத்தியத்தில் காலம் கடத்தாதீர்கள். கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையால் வயிற்றுப்போக்கை நிறுத்தவும் முயலாதீர்கள். குழந்தைகள், முதியோர், கருவுற்ற தாய்மார் ஆகியோரிடம் இருமடங்கு விழிப்பு வேண்டும்.

இன்று தம்பி முற்றம் முழுவதும் ஓடி விளையாடுகிறான். அக்காவிடம் பாட்டி கரைசல் செய்முறையைக் கேட்டு வந்து, தெருவில் உள்ள தாய்மாருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி